மூன்றாவது பொட்டு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க தம்பி. நாற்காலியை இழுத்துப் போடுங்க. ஸ்பீக்கர் பாக்ஸுக்கு எதிரே உட்கார்ந்தா நான் பேசுறது ஒண்ணும் காதுல விழாது. இப்படிப் பின்பக்கமா, என் முழங்கால் இடிக்கிற மாதிரி உட்காருங்க. ஆங், இப்போ சரி.

நீங்க மாப்பிள்ளைக்குச் சிநேகிதர், ஈரோட்டுப் பக்கம்னு சொன்னாங்க. உள்ளே வந்ததும் வராததுமா ஒண்ணு கேட்டீங்க பாருங்க, "பொண்ணோட தாய்மாமன்தான் இந்த ஊர்லயே பெரிய ஃபிளக்ஸ்காரராமே, மண்டப வாசல்ல ஒரு போர்டைக்கூடக் காணோமே"ன்னு. எங்க ஊர்க்காரன் ஒருத்தன் கேட்கலை பாத்துக்கிடுங்க. எல்லாவனுக்கும் விஷயம் தெரியும். அதான் என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டு நேரா பந்திக்குப் போறான். அவனுக சொல்ற கதையை நம்பாதீங்க. நடந்ததை நடந்தபடி நான் சொல்றேன்.

என் பேர் லிங்கத்துரை. பந்தல், சீரியல் லைட், மைக்செட், ஃபிளக்ஸ், நாலும் நம்மகிட்ட உண்டு. திசையன்விளையில காதுகுத்துன்னாலும் நான்தான், கருமாதின்னாலும் நான்தான். அந்தா, மணமேடையில உட்கார்ந்திருக்கா பாருங்க சண்முகக்கனி, அவ என் தங்கச்சி தங்கபுஷ்பத்தோட மக. தகப்பன் சின்ன வயசுலயே போயிட்டாரு. தாய்மாமன் நான்தான் எல்லாம். இந்தக் கல்யாணத்துக்கு அவ போட்ட நிபந்தனை ஒண்ணே ஒண்ணு. நகை கேட்கலை, பட்டு கேட்கலை. "மாமா, போர்டு மட்டும் வேண்டாம்." அவ்வளவுதான். ஊர்ல யார் யார் வீட்டுப் பூனைக்குட்டிக்கெல்லாமோ போர்டு அடிச்சவன் நான். சொந்த மருமவ கல்யாணத்துக்கு மூஞ்சியில்லாம நிக்கேன்.

அவ வேலை என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? மாப்பிள்ளை சொல்லியிருப்பாரு. வானத்தைப் பார்க்கிற வேலை. ஆனா நீங்க நினைக்கிற மாதிரி குழாய்க்குள்ள கண்ணை வச்சுப் பார்க்கிறது இல்லை. குழாய் மேல இருக்கு. வானத்துலயே இருக்கு. ராக்கெட்ல கொண்டுபோய் விட்டிருக்கான். அவ அதை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. எங்க அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு வருஷம் அவ வந்திருந்தப்போ நான் கேட்டேன், "கனி, உனக்குத் தொந்தரவுன்னா சொல்லு, சீரியல் லைட்டை அணைச்சிருதேன், நீ நட்சத்திரம் பாரு"ன்னு. சிரிச்சுட்டா. "நீங்க ஊரையே கொளுத்துனாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது மாமா, அது காத்துக்கும் மேல இருக்கு"ன்னா. அப்புறம் என்ன, கூட ரெண்டு வரிசை போட்டேன்.

அந்தக் குழாய்கிட்ட வேலை வாங்குறது லேசுப்பட்ட காரியம் இல்லை. உலகத்துல உள்ளவன் பூராவும் கேட்பானாம், எனக்கு இந்த இடத்தைப் பார்த்துக் கொடு, எனக்கு அந்த இடத்தைப் பார்த்துக் கொடுன்னு. எழுதித்தான் கேட்கணும். அதுல ஒரு கூத்து கேளுங்க. எழுதுற தாள்ல கேட்கிறவன் பேர் இருக்கக் கூடாதாம்! யார், எந்த ஊர், எவன் சொந்தக்காரன், எதுவும் தெரியக் கூடாது. விஷயத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்வாங்களாம். எனக்குத் தலை சுத்திருச்சு. பேரைப் பெருசாப் போட்டுப் பொழைக்கிறவன்கிட்ட வந்து பேரே இல்லாத தாள்னா? ஆனா அப்படி எழுதித்தான் அவளுக்குக் கிடைச்சுது. கிடைச்சா, அது பார்த்த படம் ஒரு வருஷத்துக்கு அவளுக்கு மட்டும். அதுக்கு அப்புறம் யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். குளத்து மீன் குத்தகை மாதிரின்னு வச்சுக்கிடுங்க. குத்தகை முடிஞ்சா எவனும் வலை போடலாம்.

அவ பார்த்தது குவேசார். பேரு அப்படித்தான். நட்சத்திரக் கூட்டம் கூட்டமா இருக்காம், ஒரு கூட்டத்துக்கு நடுவுல ஒரு கருங்குழி. கிட்ட வந்ததெல்லாம் உள்ளே போயிரும். குழி இருட்டுதான், ஆனா அதுக்குள்ள போறதுக்கு வெளியே நெருக்குது பாருங்க, அந்த நெருக்கடியில சூடாகி அப்படி ஒரு வெளிச்சம், அந்தக் கூட்டத்துல உள்ள அத்தனை நட்சத்திரத்தையும் தூக்கிச் சாப்பிட்டிருமாம். நம்ம முதல் பந்திக்கு வாசல்ல நெருக்குறானுக பாருங்க, அதுதான்னு சொன்னேன். "கிட்டத்தட்ட அதான் மாமா"ன்னா.

இவ பார்த்ததுல என்ன விசேஷம்னா, பூமியில இருந்து பார்த்தா ஒரு புகை மாதிரி ஒண்ணாத் தெரிஞ்சது, மேல இருந்து பார்த்தா ரெண்டு. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு குவேசார். ரெண்டு கூட்டம் ஒண்ணோட ஒண்ணு மோதிக் கலக்கப் போகுதாம். ஆனா ஒரு சந்தேகம். ஒண்ணோட வெளிச்சமே நடுவுல எதுலயோ வளைஞ்சு ரெண்டாத் தெரியவும் வழி இருக்காம், கண்ணாடி பழுதானா ஒரு மூஞ்சி ரெண்டாத் தெரியுமே, அப்படி. அது இல்லைன்னு உறுதியாகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னா. "உறுதியாச்சுன்னா என்ன?"ன்னு கேட்டேன். "உறுதியாகி, நான் முதல்ல சொன்னேன்னா, நிரந்தர வேலை. பொட்டியைத் தூக்கிட்டு ஊர் ஊரா ஒப்பந்தத்துல அலைய வேண்டாம். வேற எவனாவது முந்திட்டான்னா எல்லாம் போச்சு." அதுவரைக்கும் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டா. தங்கபுஷ்பம் முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

இதெல்லாம் போன கொடைக்கு முந்தின வாரம்.

இப்போ நீங்களே சொல்லுங்க. கொடைக்குப் போர்டு வைக்காத வீடு எங்க ஊர்ல உண்டா? பால்பாண்டி மகன் சப் இன்ஸ்பெக்டர் ஆயிட்டான்னு மூணு போர்டு. அதையும் என்கிட்டயே அடிக்கக் கொடுத்தான், கருப்புக் கண்ணாடி போட்டு, பின்னால புலி நிக்கிற மாதிரி. பஜார்ல எங்க பார்த்தாலும் அவனும் புலியும். என் மருமவ உலகத்துல எவனும் பார்க்காததைப் பார்த்திருக்கா, நான் சும்மா இருக்கவா? அவ குளிக்கப் போயிருந்தா. மடிக்கணினி திறந்தே இருந்துச்சு. கருப்புல ரெண்டு செவப்புப் புள்ளி, அடியில ஏதோ நம்பர், வானத்துல அது இருக்கிற இடத்துக்கு விலாசம் மாதிரியாம். என் செல்லுல ஒரு போட்டோ எடுத்தேன். திருட்டுத்தனம் ஒண்ணும் இல்லை, நடுவீட்டுல நின்னுதான் எடுத்தேன்.

நம்ம கடையில டிசைன் பண்றது இசக்கிராஜா. கைராசிக்காரன். படத்தைப் போட்டுப் பார்த்தான், முகத்தைச் சுளிச்சான்.

"அண்ணாச்சி, ஆகாது."

"ஏம்ல?"

"கருப்புல ரெண்டு செவப்புன்னா கண்ணு முறைக்கிற மாதிரி இருக்கு. பேய்ப்படப் போஸ்டர்னு நினைப்பான். ராத்திரி சாமியாட்டம் பார்க்க வார பிள்ளைக அலறிரும்."

"அதுக்கு என்ன செய்யச் சொல்லுத?"

"இருங்க"ன்னான். ரெண்டு புள்ளியில ஒண்ணை அப்படியே நகல் எடுத்து, ரெண்டுக்கும் நடுவுல, கொஞ்சம் மேல, நெத்திப் பொட்டு மாதிரி ஒண்ணு ஒட்டினான். அடேயப்பா. அம்மன் முகம் மாதிரியே ஆயிருச்சு. முக்கண்ணு! கொடைக்கு இதைவிடப் பொருத்தம் என்ன வேணும்? நான் அவன் முதுகுல தட்டிக் கொடுத்தேன். "விண்ணில் மூன்று குவேசார் கண்ட எங்கள் வீட்டு வீரமங்கை"ன்னு எழுத்து. ஒரு பக்கம் என் படம், வெள்ளைச் சட்டை, கும்பிட்ட மாதிரி. அவ படத்துக்கு இடம் கொஞ்சம் பத்தலை, ஓரமா ஒரு வட்டத்துல வச்சோம். கீழே "அன்புத் தாய்மாமன் லிங்கத்துரை", போன் நம்பர்.

கோயில் முக்குல கட்டினோம். கனி சாமி கும்பிட வந்தவ அண்ணாந்து பார்த்தா. நான் சந்தோஷத்துல அழப் போறான்னு நினைச்சு மைக்கைக்கூட கீழே வச்சுட்டேன்.

"மாமா. இது யாரு வச்சது?"

"மாமன்தான்! வேற எவன் வைப்பான்?"

"மூணாவது எங்கேருந்து வந்துச்சு?"

"இசக்கிராஜா போட்டான். நல்லா இருக்குல்லா?"

அப்படியே கம்பத்தடியில உட்கார்ந்துட்டா. போர்டை இறக்கச் சொல்லிட்டா. கொடை முடியாம இறக்கினா ஊர்ல என்ன பேசுவான்னு நான் சொல்லச் சொல்ல தங்கபுஷ்பம் சாமி வந்தவ மாதிரி வந்துட்டா. "அண்ணே, இப்போ இறக்குதியா, இல்ல நான் ஏறிக் கிழிக்கட்டா?" இறக்கினேன். இறக்கி என்ன, அதுக்குள்ள இளவட்டப் பயலுக போட்டோ பிடிச்சு வாட்ஸ்அப்ல போட்டுச் சிரிச்சு அது எங்கேயெல்லாமோ போயிருச்சு. நல்ல விஷயம் பரவத்தானே செய்யும்?

பந்தல் பிரிக்கிற அன்னைக்கு எனக்கு ஒரு போன் வந்துச்சு. "லிங்கத்துரை ஐயாங்களா? நான் கனியோட பழைய வாத்தியார். போர்டு படம் பார்த்தேன். ரொம்ப சந்தோஷம்." என்ன மரியாதை தெரியுமா! எங்க ஊர்ல ஒருத்தன் என்னை ஐயான்னு கூப்பிட்டது கிடையாது. பேர் சொன்னாரோ என்னமோ, நான் கேட்டுக்கிடலை. ஆனா குரலை மறக்க மாட்டேன். 'ஸ' வந்தா காத்துச் சீறும். முன்பல்லுல சந்து இருக்கணும். அந்த மாதிரி ஆளுகளுக்கு மைக்கை நேரா வைக்கக் கூடாது, கொஞ்சம் சாய்ச்சு வைக்கணும். போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு, அந்த எதிரொலி எனக்குத் தெரியும். பக்கத்துல இன்னொருத்தர் மூச்சும் கேட்டுச்சு. பெரிய மனுஷர், குடும்பத்தோட கேட்கிறாருன்னு நினைச்சுக்கிட்டேன்.

"படத்துக்கு அடியில ஒரு நம்பர் இருக்குமே ஐயா, போட்டோல தெளிவா இல்லை, கொஞ்சம் வாசிக்க முடியுமா?"

வாசிச்சேன். மைக் டெஸ்டிங்ல வாசிக்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தா, நிறுத்தி. பேனா கீறுற சத்தம்கூட எனக்குக் கேட்டுச்சு.

"மூணாவது எந்தப் பக்கம் இருக்கு ஐயா?"

"நடுவுல சார். கொஞ்சம் மேல. நெத்திப் பொட்டு மாதிரி."

"அசாத்தியம்"னாரு. ஸ்ஸ்னு சீறுச்சு. இதை நான் கனிகிட்டச் சொல்லலை. அவ அப்போ என்கூடப் பேசிக்கிட்டு இல்லை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் கேட்கலை.

பாயசம் வருது பாருங்க. வாங்கிக்கிடுங்க. எங்க பக்கத்து அடைப் பாயசம், ஈரோட்டுல கிடைக்காது.

மழைக்காலம் வந்துச்சு. தங்கபுஷ்பத்துக்கு விஷக்காய்ச்சல், கனி ஊருக்கு வந்திருந்தா. ரெண்டும் ரெண்டுதான்னு அப்போதான் அவளுக்கு உறுதியாகியிருந்துச்சு. ஆனா மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருந்துச்சு. என்னன்னா, அதே வாரம் இந்த வேலைக்காரங்க எல்லாம் கம்ப்யூட்டர்லயே கூடிப் பேசுற கூட்டம். அதுல டாக்டர் கிருபாநிதின்னு ஒரு பெரிய ஆளு, இவளுக்குக் காலேஜ்ல பாடம் எடுத்தவராம், இப்போ வடக்கே பெரிய இடத்துல இருக்காரு, அதே இடத்துல மூணு குவேசார் இருக்குன்னு பேசப் போறாருன்னு பட்டியல் வந்துருச்சு. இவளும் அதுலதான் பேசணும், இவளுக்கு முந்தின இடம் அவருக்கு. வேலை கொடுக்கிற குழுவுல உள்ள ரெண்டு பேரும் கூட்டத்துல இருப்பாங்க.

அவ தனக்குத்தானே பேசிக்கிட்டா. "எங்க படம் குத்தகையில இருக்கு, அவரால பார்க்க முடியாது. அவர்கிட்ட இருக்கிறது பூமியில இருந்து எடுத்த படம், அதுல ரெண்டே பிரிஞ்சு தெரியாது, மூணாவது எப்படித் தெரியும்? போர்டு போட்டோவைப் பார்த்திருந்தாலும் அதுல நம்பர் தெளிவா இல்லை, எந்த இடம்னு தெரியாது. ஒருவேளை நான்தான் தவறவிட்டேனா?" பிள்ளை சோறு இறங்காம கிடந்தா. அவர் மூணுன்னு சொல்லி இவ ரெண்டுன்னு சொன்னா, கண்ணு முன்னால உள்ளதைப் பார்க்கத் தெரியாதவன்னு பேர் ஆயிரும். வேலையும் அவ்வளவுதான்.

மூணாவது நம்ம வச்சது! அதை எவனோ தனதுன்னு சொல்றான்னா? கண்டனப் போஸ்டர் அடிக்கட்டான்னு கேட்டேன். அவ என்னைப் பார்த்த பார்வையில பேசாம எந்திரிச்சுப் போய் ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தினேன். மழையில கரண்டு போனா கூட்டம் நின்னுரும்லா? அதோட கம்ப்யூட்டர்ல இருக்கிற மைக்கை நான் நம்புறதே இல்லை. நம்ம கடையில பட்டிமன்றத்துக்குக் கொடுக்கிற நல்ல மைக் ஒண்ணைக் கொண்டாந்து மேஜையில வச்சேன், பச்சை விளக்கு எரிஞ்சா பேசலாம். ஒரு சின்ன பாக்ஸையும் மாட்டினேன். "மாமா, அது எல்லாம் எதுக்கு?"ன்னா. "உலகமே கேட்குது, குரல் கரகரன்னு போனா யாருக்கு அசிங்கம்? எனக்கு"ன்னேன். அதுக்கு முந்தி அவ என்னை அவ வேலைக்குப் பக்கத்துல விட்டதே இல்லை. அன்னைக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை போல, விட்டுட்டா.

காலையில கூட்டம் ஆரம்பிச்சுது. நான் ஓரமா ஸ்டூல்ல. கிருபாநிதி வந்தாரு. மூஞ்சி தபால்தலை அளவுதான் தெரிஞ்சுது, எல்லாம் இங்கிலீஷு. எனக்கு மூஞ்சி எதுக்கு? வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேசினாரு. பாக்ஸ்ல ஸ்ஸ்னு காத்து.

"ஏ! இது நம்ம ஆளுல்லா!"ன்னுட்டேன்.

கனி அவசரமா மைக்கை அணைச்சா. "மாமா, சத்தம் போடாதீங்க."

"இல்ல பிள்ள, இவருதான் கொடைக்கு எனக்குப் போன் பண்ணுனவரு. உன் பழைய வாத்தியாருன்னு. தங்கமான மனுஷன்."

மெதுவாத் திரும்பினா. "உங்களுக்கா? என்ன கேட்டாரு?"

"வாழ்த்துச் சொன்னாரு. படத்துல உள்ள நம்பர் கேட்டாரு, வாசிச்சேன். மூணாவது எங்கே இருக்குன்னு கேட்டாரு, நெத்திப் பொட்டு மாதிரின்னு சொன்னேன். ஏன், சொல்லக் கூடாதா?"

நான் நினைச்சேன், இன்னைக்கு என்னை அடிச்சே போடுவான்னு. இல்லை தம்பி. அவ முகம் தெளிஞ்சுது. மழை விட்டுப் பந்தல் துணி காய்ஞ்சு விறைக்குமே, அப்படி நிமிர்ந்து உட்கார்ந்தா. கிருபாநிதி தன் படத்தைக் காட்டினாரு. ஒரே புகை. புகைக்கு நடுவுல, கொஞ்சம் மேல, ஒரு வட்டம் போட்டு மூணாவதுன்னாரு. எனக்கு ஒண்ணும் தெரியலை, ஆனா இடம் சரியா இசக்கிராஜா வச்ச இடம்தான். இவ்வளவு படிச்ச மனுஷனுக்கே தெரியுதுன்னா அந்தப் பயலோட கைராசியை என்ன சொல்ல!

பேசி முடிச்சதும் கேள்வி கேட்கலாம்னாங்க. கனி கையைத் தூக்கினா. அவ கேட்டது இங்கிலீஷுல, அர்த்தம் பின்னால எனக்குச் சொன்னா. "சார், அந்தப் படத்துல எத்தனையோ மங்கலான இடம் இருக்கு. மூணாவதை சரியா அந்த இடத்துல தேடணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?" அவ்வளவுதான். மரியாதையாத்தான் கேட்டா.

அவர் பேசலை.

மைக்செட்காரனுக்குத் தெரியும், ஆள் இல்லாத அமைதி வேற, ஆள் இருந்து பேசாத அமைதி வேற. இது ரெண்டாவது. மூச்சு கேட்குது, நாற்காலி கிறீச்சுங்குது, பேச்சு வரலை. கூட்டத்தை நடத்துற அம்மா "டாக்டர் கிருபாநிதி?"ன்னு ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. எனக்குப் பாவமாப் போச்சு. பெரிய மனுஷர், வயசாயிருச்சு, நான் சொன்னது மறந்துபோச்சு போல. சபையில ஒருத்தர் திணறுறப்போ நம்மளாப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறதுதானே மரியாதை?

"கனி, அவருக்கு ஞாபகம் வரலை போல. நான் வேணும்னா சொல்லட்டா? நான்தான சொன்னேன் அவருக்கு?"

கனி என்னைப் பார்த்தா. அப்புறம் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டா. மைக்கை அவளே எடுத்து, பச்சை விளக்கு எரியுதான்னு பார்த்து, என் வாய்க்கு நேரா வச்சா.